படம் வரைந்தவர்: சில்பி

(ஜலகண்டாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நூலகங்களில் இருக்கும் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சுவரில் மாட்டிய படங்கள் அல்ல. பத்திரிகைத் தாளில், நூல் அட்டையில், பாட்டுப் புத்தகத்தில், நாடக நோட்டீசில், நாள்காட்டியில் அச்சேறிய படங்கள். தமிழ் எழுத்தை நம் நூலகங்கள் ஒருவாறு காப்பாற்றிவிட்டன. அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே அச்சான படத்தையும், அதை வரைந்தவரையும் பெருமளவு கைவிட்டுவிட்டன. இந்தக் குறையை உங்கள் சீமையில் வைத்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகள் கண்ட மிகப் பெரிய கோட்டோவியர்களில் ஒருவர் நாமக்கல்காரர்.

பி.எம். சீனிவாசன் 1919இல் நாமக்கல்லில் பிறந்தார். அந்த ஊர்ப் பாறையைக் குடைந்து அதியமான் மரபினர் எடுத்த இரண்டு குடைவரைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், காலை வானளவு தூக்கிய திரிவிக்கிரமர், பாம்பணையில் கிடக்கும் அரங்கநாதர் எல்லாம் அங்கே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த அந்தப் பையனின் கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போய்ப் படி என்று அனுப்பியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. கவிஞராக நாடறிவதற்கு முன் கவிஞருக்குச் சோறு போட்ட தொழில் ஓவியம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டில்லி தர்பாரை ஒட்டி அவர் எழுதிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வறுமையும் வண்ணமும் சேர்ந்த அந்த வாழ்க்கையை ‘என் கதை’யில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் ஓவியரின் கண்ணில்தான் இன்னோர் ஓவியர் பட்டார்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த எழும்பூர் ஓவியப் பள்ளியில் சீனிவாசன் படித்தார். பிறகு ஆனந்த விகடனில் சேர்ந்தார். அங்கே மூத்த ஓவியராக இருந்த மாலி அவருக்கு வைத்த பெயர்தான் சில்பி. 1940களின் இறுதியில் விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடங்கியது. சில்பி ஊர் ஊராகப் போனார். கோயிலில் சிற்பத்தின் முன்னால் அமர்ந்து நேரில் பார்த்து வரைந்தார். அதற்கான குறிப்புகளை எழுத்தாளர் தேவன் எழுதினார். 1957இல் தேவன் மறைந்த பின்னும் தொடர் நிற்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் வாரந்தோறும் ஒரு கோயில், ஒரு தூண், ஒரு திருமேனி என்று தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கு வந்துகொண்டே இருந்தது. பல ஆண்டுகள் கழித்து விகடன் பிரசுரம் அதை இரண்டு தொகுதிகளாக நூலாக்கியது. சில்பி 1983இல் மறைந்தார்.

புகைப்படக் கருவி நன்றாகவே புழக்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது. அப்படியிருந்தும் ஒரு வாரப் பத்திரிகை ஏன் ஒரு மனிதரைக் கோயில் கோயிலாக அனுப்பிப் பேனாவால் வரையச் சொன்னது? பக்தி ஒரு காரணம். கருவறைக்குள் கேமராவுக்கு இடமில்லை என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது அச்சகத்துக்குள் இருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

அந்தக் காலத்து அச்சில் ஒரு படத்தைப் பத்திரிகையில் ஏற்ற இரண்டு வழிகள். ஒன்று லைன் பிளாக். ஓவியத்தைக் கேமராவில் பிடித்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சுள்ள துத்தநாகத் தகட்டில் பதிப்பார்கள். தகட்டை நைட்ரிக் அமிலத்தில் விடுவார்கள். கோடு இருக்கும் இடம் நிற்கும், மற்ற இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகும். தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்து, எழுத்தோடு சேர்த்துப் பூட்டி அச்சடிப்பார்கள். மற்றது ஆஃப்டோன் பிளாக். புகைப்படத்தில் இருக்கும் சாயல்களை ஒரு கண்ணாடித் திரை வழியாகப் பொடிப் புள்ளிகளாக உடைப்பது. வழுவழுப்பான ஆர்ட் தாள் அங்குலத்துக்கு 133 வரி உள்ள திரையைத் தாங்கும். மலிவான நியூஸ்பிரிண்டில் 65 வரியைத் தாண்டினாலே மை இழுகிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். எண்ணெய் ஏறிக் கறுத்த கல் சிற்பத்தை, அரை வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்தை, அந்தத் தாளில் அச்சடித்தால் கிடைப்பது ஒரு கரிய திட்டு. தோள்வளை எது, பூணூல் எது, உடைந்த விரல் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சில்பியின் கோடு அந்தத் தாளிலும் நின்றது. கல் எங்கே வளைகிறது, நகை எங்கே முடிகிறது, முகத்தில் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை அவர் அமர்ந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். நிழலையும் நெருக்கிய கோடுகளாலேயே கட்டினார். அமிலம் அந்தக் கோடுகளை விட்டுவைத்தது, மை அவற்றில் இழுகவில்லை. எத்தனை கொக்கி உள்ள ஜக்கார்டு பெட்டியோ அதற்குள்தான் டிசைன் என்பது தறி ஓட்டும் உங்களுக்குத் தெரியும். அந்த எல்லையைத் தெரிந்து வரைபவரிடம்தான் நல்ல புட்டா பிறக்கும். சில்பியும் பிளாக்கின் எல்லையைத் தெரிந்து வரைந்தவர்.

ஆகவே, பத்திரிகைப் பக்கத்தில் இருப்பதை ஓர் அசல் ஓவியத்தின் மட்டமான நகல் என்று ஒதுக்குவது சரியல்ல. அந்த ஓவியம் அந்தப் பக்கத்துக்காகவே வரையப்பட்டது. பக்கத்தில்தான் அது முழுமை பெறுகிறது. கையால் வரைந்த மூலம் கிடைத்தால் அது வேறொரு செல்வம். வெள்ளை பூசித் திருத்திய இடம், கீழே தெரியும் பென்சில் அடிக்கோடு, எத்தனை அங்குலத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டையும் நூலகம் காக்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

சரி, நூலகங்கள் என்ன செய்தன?

வார இதழ்கள் சேர்ந்ததும் ஆறு மாதத்துக்கு ஒரு கட்டாக பைண்டிங்குக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் பல இடங்களில் மேல் அட்டையைக் கிழித்தார்கள். விளம்பரப் பக்கங்களையும் உருவினார்கள். இடம் மிச்சம், செலவு மிச்சம், கட்டின் பருமனும் குறையும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருந்த பணத்தைக் கொண்டு எழுத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அட்டையோடு போனது என்ன? வண்ணத்தில் அச்சான ஒரே பக்கம் பல இதழ்களில் அதுதான். விளம்பரத்தோடு போனது கமர்ஷியல் ஆர்ட் என்ற ஒரு துறையின் வரலாறே. பைண்டர் கில்லட்டினில் ஓரம் வெட்டும்போது படத்தின் கீழ்மூலையில் இருந்த ஓவியரின் கையெழுத்தும் சில நேரம் சேர்ந்து போயிற்று. பிறகு மைக்ரோஃபிலிம் வந்தது. எழுத்து தெளிவாகத் தெரிவதற்காகச் செய்த கறுப்பு வெள்ளைச் சுருள் அது. கோட்டுப் படம் அதில் ஓரளவு பிழைத்தது. நீர்வண்ணத்தில் மெல்லிய சாயல் வைத்து வரைந்தவை கறுப்புத் திட்டுகளாயின. நிறமோ அறவே போயிற்று. மைக்ரோஃபிலிம் எடுத்தாயிற்று என்று மூல இதழைக் கழித்துக்கட்டிய நூலகங்கள் உலகெங்கும் உண்டு. எழுத்துக்கு அது பாதி இழப்பு. படத்துக்கு முழு இழப்பு.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது அட்டவணை. பெரும்பாலான நூலகப் பட்டியல்களில் தேவன் என்று தேடினால் கிடைக்கும், கல்கி என்று தேடினால் கிடைக்கும். ஓவியர் மணியம் என்று தேடிப் பாருங்கள், ஓவியர் கோபுலு என்று தேடிப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் மணியம். எழுபது ஆண்டுகளாக அந்த முகங்கள் மாறவில்லை. மேடையில் ஏற்றினாலும், திரையில் காட்டினாலும் மக்கள் மனத்தில் இருப்பது மணியம் போட்ட கொண்டையும் அவர் போட்ட மீசையும்தான். அப்படிப்பட்டவர் பட்டியலில் ஒரு வரி பெறவில்லை. தாராபுரத்துக்குப் பக்கத்தில் காரத்தொழுவில் பிறந்த கே.சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்ற பெயரில் அம்புலிமாமாவில் வரைந்த விக்கிரமாதித்தனைத் தெரியாத கொங்குநாட்டுப் பிள்ளை முன்பு கிடையாது. வேதாளத்தைத் தோளில் சுமந்து உருவிய வாளோடு நடக்கும் அந்தப் படத்துக்காகவே இதழைப் பிரித்தவர்கள் நாம். சங்கர் 2020இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவர் வரைந்த பக்கங்களை ஓரிடத்தில் அமர்ந்து பார்க்க ஒரு மாணவர் விரும்பினால் எந்தப் பட்டியலைப் புரட்டுவது?

இதற்கு விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து உலகத்துக்கே நூலக அறிவியல் சொல்லித்தந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தம் பட்டியலாக்க விதிகளிலேயே நூலுக்கு உடனுழைத்தவர்களுக்கு இடம் வைத்திருக்கிறார். மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர் ஆகியோருடன் படம் வரைந்தவரும் அதில் உண்டு. விதியை எழுதியவர் தமிழர். அதைத் தமிழ்ப் படங்களுக்குப் பயன்படுத்தாதவர்களும் நாமே.

விலக்காக நின்றவரையும் சொல்ல வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். சென்னையில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம், செட்டிநாட்டு வீடு ஒன்று நிறையும் அளவுக்கு வளர்ந்தது. நூல்களோடு அவர் நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று அறிஞர்கள் திரும்பிப் பார்க்காத தாள்களையும் சேர்த்தார். எழுத்தின் வடிவத்தையும் பூ வேலையையும் கையால் எழுதிப் பிழைத்த ஒருவருக்குத்தான் அவற்றின் அருமை தெரிந்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன். அவர் 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியதோடு கப்பலேற்றிக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெறச் செய்தது மிகப் பெரிய உதவி.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அச்சாளர் ஜான் ஜான்சனும் இதே வேலையைச் செய்தார். சோப்புக் காகிதம், விளம்பர அட்டை, நாடக அறிவிப்பு என்று குப்பைக்குப் போக வேண்டியதையெல்லாம் வகைப்படுத்தி வைத்தார். 1968இல் அது போட்லியன் நூலகத்துக்குப் போயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். ஒருவர் அச்சாளர், மற்றவர் பெயர்ப்பலகை ஓவியர். நூலகர்களுக்கு முன்பே தொழிலாளிகளுக்கு இது தெரிந்திருந்தது.

இனி உங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன்.

1935இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ‘மந்திரி குமாரி’ 1950இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டுப் புத்தகம் உண்டு. சில காசுக்குக் கொட்டகை வாசலில் விற்கும். கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்தும். அதன் அட்டையில் இருக்கும் எழுத்தோவியத்தைக் கவனித்துப் பாருங்கள். படத்தின் பெயரை வாள் போலவும், தீ போலவும், நாகம் போலவும் வளைத்திருப்பார்கள். கணினி எழுத்துரு வருவதற்கு நாற்பது ஐம்பது ஆண்டு முன்னால், கைத்தூரிகையால் தமிழெழுத்துக்குக் கிடைத்த அந்த விடுதலையை வரலாறாக எழுத வேண்டும். எழுதுவதற்குத் தாள்கள் வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் வரைந்தவர் பெயர் கிடையாது. ஒரே கையின் பாணியைப் பத்துப் பதினைந்து அட்டைகளை அருகருகே வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்றொன்றாகக் கிடந்தால் அது ஒருநாளும் நடக்காது.

உங்கள் ஊர்ப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஜலகண்டபுரம் ப. கண்ணன் திராவிட இயக்க மேடைக்கு நாடகங்கள் எழுதினார். அவருடைய நாடக வாசகங்கள் மறுபதிப்பிலோ மின்வடிவிலோ கிடைத்துவிடும். அந்தக் கால மெல்லிய நாடக நூல்களின் அட்டை கிடைக்குமா? சிவப்பும் கறுப்புமாக இரண்டே மையில், ஒரே பிளாக்கில், ஓர் இயக்கம் தன் முகத்தை எப்படிக் காட்டிக்கொண்டது என்பது அட்டையில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வாசகத்தை மட்டும் காப்பது பாதி வேலை.

அடுத்து, தறி. இதை நான் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. சேலை டிசைன் வரைந்த கிராப் தாளும் சித்திரக் கலையின் ஆவணம்தான். ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடும் சந்திக்கும் ஒரு புள்ளி. நிமிர்ந்த வரிசை ஒவ்வொன்றும் ஒரு கொக்கிக்கு. கிடை வரிசை ஒவ்வொன்றும் ஜக்கார்டு பெட்டியில் ஏறும் ஓர் அட்டைக்கு. சிவப்பு மை தொட்ட கட்டத்துக்கு நேராக அந்த அட்டையில் துளை விழும். லியோன் நகரத்து ஜக்கார்டு 1804இல் இந்த ஏற்பாட்டை முழுமையாக்கினார். அவருடைய உருவத்தையே பிறகு 1839இல் அதே ஊரில் பட்டில் நெய்தார்கள். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அதற்குச் சென்ற அட்டைகள் 24,000. கணினிக்கு முன்னோடியான எந்திரத்தைக் கற்பனை செய்த சார்லஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதியை வாங்கித் தம் வீட்டில் வைத்து விருந்தினருக்குக் காட்டினார். அந்த நெசவுப் படம் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது. லியோன் நெசவு அருங்காட்சியகத்தில் பழைய கிராப் தாள்களும் இருக்கின்றன.

இந்த ஊர்ப் பட்டுச் சேலையின் பார்டரையும் முந்தியையும் வரைந்த கிராப் தாள்கள் எங்கே இருக்கின்றன? டிசைன் கணினிக்கு மாறிய பின் பரணில், டிரங்குப் பெட்டியில், சுருட்டிய வாக்கில் சில இருக்கும். அடித்த அட்டைகளோ அடுப்புக்கும் போகும், எடைக்கும் போகும். வரைந்தவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால் இது எந்தச் சேலை, எந்த ஆண்டு, எந்த மாஸ்டருக்காக வரைந்தது என்று சொல்வார்கள். அவர்களுக்குப் பின் அது பெயரில்லாத கட்டக் காகிதம்.

ஒரு கிளை நூலகம் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். பெரிய பணம் தேவையில்லை. ஓர் இரும்பு பீரோ, அமிலம் நீக்கிய தாளில் செய்த உறைகள், ஒரு நோட்டு. தாள்களைச் சுருட்டாமல் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வார்கள், சூடு பட்ட பிளாஸ்டிக் தாளை விட்டுப் பிரியாது. கிழிசலில் செல்லோ டேப் ஒட்டக் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி மையையும் கெடுக்கும். பின்பக்கம் எழுத வேண்டியதை மென்மையான பென்சிலில் எழுதலாம். பேனா ஆகாது.

பதிப்புரிமை பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நம் நாட்டில் உரிமை இருக்கிறது; பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவருடையது என்றால் உரிமை நிறுவனத்திடமும் இருக்கலாம். விற்கவோ மறு அச்சிடவோ அனுமதி வேண்டும். அதே நேரம், வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு பிரதியைப் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. ஆகவே தயங்க வேண்டியதில்லை.

பழைய விகடன், கல்கி கட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தாமே தைத்து பைண்டு செய்த தலைமுறை ஒன்று இருந்தது. உங்கள் பாட்டிமார்களில் சிலர் அந்த வேலையைச் செய்திருப்பார்கள். எழுத்தும் படமும் பிரியாமல் நிற்பது அந்த வீட்டுக் கட்டுகளில்தான். பின்னால் வந்த பல நூற்பதிப்புகளில் படமே இருக்காது. பழுப்பேறிவிட்டது, பொடிகிறது என்று எடைக்குப் போடாதீர்கள். பிரித்துக் காட்டினால் போதும். நூலகத்துக்குக் கொடுக்க மனம் வராவிட்டால் ஸ்கேன் எடுத்துத் திருப்பித் தந்துவிடலாம்.

நூலகத்துக்கு ஒரு நோட்டு வேண்டும் என்றேன் அல்லவா, அதில் பத்திகள் அதிகம் வேண்டாம். என்ன பொருள், எந்த ஆண்டு, யார் வீட்டிலிருந்து வந்தது, வரைந்தவர் யார். கடைசிப் பத்தியைக் காலியாக விடக்கூடாது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். அப்போதுதான் பின்னால் வருகிறவர் தேடுவார்.

கூட்டத்தில் டிசைனர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். நூலகர் வாசலருகே மேசை போட்டு அமர்ந்திருப்பார். உங்களிடம் எத்தனை கிராப் தாள் இருக்கிறது, யார் வரைந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். எடுத்து வருவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.